விளையாட்டு மோட்டாருக்கும் அதே அளவுகோல்

வீரப்பன்சத்திரத்து லேத் பட்டறை அண்ணாவுக்கு,

நேரில் நன்றி சொன்னால் "அதுக்கென்னங்க தம்பி" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். பெயர் போட்டால் உங்களுக்குப் பிடிக்காது, போடவில்லை.

விசைத்தறி ஷாஃப்டும் பம்புசெட் புஷ்ஷும் வரிசையில் காத்திருக்கும் பட்டறை உங்களுடையது. அங்கே ரிமோட் கார் மோட்டாரை நீட்டியபோது, பொம்மைக்கெல்லாம் நேரமில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. நீங்கள் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தீர்கள். 36 மி.மீ. விட்டமுள்ள சின்னக் கூடு, உள்ளே மூன்று காயில் சுற்றிய ஆர்மேச்சர், மூன்று செப்புத் துண்டுகள் சேர்ந்த கம்யூட்டேட்டர். "இதும் மோட்டார்தானுங்க தம்பி" என்றீர்கள். முதல் நன்றி அந்த வார்த்தைக்கு.

பிரஷ் மோட்டார் பெரும்பாலும் கெடுவது கம்யூட்டேட்டரில். கார்பன் பிரஷ் செம்பை உரசிக்கொண்டே ஓடுகிறது. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது பொறி பறக்கிறது. பொறி விழுந்த இடம் குழியாகி வட்டம் கெடுகிறது. வட்டம் கெட்டால் பிரஷ் துள்ளுகிறது. துள்ளினால் பொறி இன்னும் பெரிதாகிறது. வண்டியின் வேகம் இறங்கி, மோட்டார் தொட முடியாமல் சுட்டு, அந்தச் சூட்டில் காந்தமும் வலுவிழக்கிறது. இதற்குள் பலர் புது மோட்டார் வாங்கியிருப்பார்கள். செம்பு இன்னும் இருக்கிறது, வட்டம்தான் போயிருக்கிறது என்று காட்டியவர் நீங்கள்.

பெரிய லேத் சக்கில் ஆர்மேச்சரைப் பிடிக்க நீங்கள் சம்மதிக்கவில்லை. அதற்குச் சொன்ன காரணத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. நல்ல சக்கிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஆர்மேச்சர் ஓடப்போவதோ சக்கில் அல்ல, தன் இரண்டு பேரிங்கில். ஆகவே பேரிங் உட்காரும் இடங்களையே தாங்கிப் பிடித்து, அந்த மையத்தில் சுழலவிட்டுத்தான் கடைய வேண்டும். மேசைமேல் வைக்கும் சின்ன லேத்துக்காகப் பித்தளையில் வி வடிவத் தாங்கி இரண்டை நீங்களே செய்தீர்கள். ரப்பர் வளையம் ஷாஃப்டை மெல்லச் சுற்றியது. ஒரு நடைக்கு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்குதான் எடுத்தீர்கள். தலைமுடியின் பருமனே அதைவிட அதிகம். புதிதாக இருக்கும்போதே அந்தக் கம்யூட்டேட்டரின் விட்டம் சுமார் 7.5 மி.மீ.தான். தேவையில்லாமல் ஒரு நடை கடைந்தால் அதன் ஆயுளில் அவ்வளவு போய்விடும். கறுப்பு மறைந்து செம்பு முழுக்க ஒரே நிறமானதும் டூலை விலக்கிவிட்டீர்கள். பளபளப்புக்காக இன்னொரு நடை ஓட்டும் ஆசை உங்களிடம் இல்லவே இல்லை.

அதற்குப் பிறகான வேலையில்தான் உங்கள் பொறுமை தெரிந்தது. துண்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு செப்புப் பிசிறு தங்கினாலும் ஷார்ட் ஆகும் என்று லென்ஸ் வைத்துச் சுரண்டினீர்கள். எமரித் தாளைத் தொடவே விடவில்லை. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும் என்றீர்கள். புது பிரஷ் போட்டு, குறைந்த வோல்டேஜில் சும்மா ஓடவிட்டு, அதன் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்த பிறகுதான் மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

நம் ஈரோடு லோகோ ஷெட்டிலிருந்து பல ஆண்டுகள் ஓடிய டபிள்யூஏபி-4 ரயில் எஞ்சின்களில் ஆறு ஹிட்டாச்சி டிசி மோட்டார்கள். அவற்றிலும் இதே செம்பு, இதே கார்பன். அங்கும் கம்யூட்டேட்டர் தேய்ந்தால் கடைந்து வட்டமாக்குவதுதான் முறை. ரயிலை இழுக்கும் மோட்டாருக்கு உரிய மரியாதையை உள்ளங்கை மோட்டாருக்கும் நீங்கள் கொடுத்தீர்கள் என்பதை இப்போது உணர்கிறேன்.

பெரிய மோட்டாருக்கும் சின்ன மோட்டாருக்கும் ஒரே மரியாதை கொடுப்பது கொங்கு மண்ணில் புதிதில்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அதே ஜி.டி. நாயுடு, உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த 'ரேசண்ட்' சவரக் கருவிக்கும் மூளையைச் செலவிட்டவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய சாதனைகளைத்தான் அடுக்குகிறார்கள். எனக்கு அந்தச் சவரக் கருவிதான் பிடிக்கும்.

இன்றைய ரிமோட் கார்களில் பிரஷ் இல்லாத மோட்டார் வந்துவிட்டது. வேகம் அதிகம், தேய பிரஷ்ஷே கிடையாது. ஆனால் கழற்றிப் போட்டவுடன் காந்தம் எது, காயில் எது, மின்சாரம் எந்த வழியாகத் திசை மாறுகிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் கண்ணால் காட்ட முடிவது பிரஷ் மோட்டாரில்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது பழைய மிக்ஸி ஆர்மேச்சரைப் பார்த்தாலும் முதலில் கம்யூட்டேட்டரைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கம் உங்கள் பட்டறையிலிருந்து வந்ததுங்க.

அந்தப் பித்தளைத் தாங்கியின் அளவுகளை வரைந்து வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்குக் கொடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு வருகிறேன். வரைபடத்தில் தப்பிருந்தால் நீங்களே பென்சிலால் திருத்திக் கொடுங்க.

உங்கள் தம்பி