ஆசான் காணாத அணு

ஆசிரியர் கூறிய யாவற்றையும் மாணாக்கர் அவ்வாறே கொள்ளல் வேண்டுமோ என்னும் வினா எம்மனோர் உள்ளத்தே அடிக்கடி எழுவதொன்றாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முன்னவராகிய இளம்பூரணரைப் பல இடங்களில் மறுத்துச் செல்வதைப் பயிலுந்தோறும், இம்மறுப்பு முறையோ என யாம் ஐயுற்றதுண்டு. அவ்வையத்துக்கு யாம் விடை கண்டது ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஒருவருடைய வரலாற்றிலேயாம். அவர் பெயர் பீயோ தெல் ரீயோ ஓர்த்தேகா.

இலக்கியம் பயிலும் எம்மை உடனூலின்பால் ஈர்த்தது ஒரு துயரம். சென்ற ஆண்டு எம் தங்கை மூளையழற்சியால் பன்னாள் நினைவிழந்து கிடந்தாள். நோயை எதிர்க்கும் காவற்படையே சில வேளை வீட்டையுஞ் சேர்த்துச் சிதைத்துவிடும் என்றார் மருத்துவர். இறைவனருளால் அவள் எழுந்து நடமாடுகின்றாள். ஆயினும், சில சொற்கள் இன்னும் அவள் நாவுக்கு எட்டவில்லை. மூளையுள் உறையும் அக்காவலர் யாவர் என்றறியும் வேட்கை அந்நாளில் எம்மைப் பற்றிற்று.

1882-ஆம் ஆண்டில் மெசீனா நகரில் உருசிய அறிஞர் மெச்னிக்காவ், உடுமீனின் இளவுயிர் உடலில் முள்ளைச் செருகி, ஊர்ந்து திரியும் அணுக்கள் அதனைச் சூழ்ந்து மொய்ப்பதைக் கண்டார். வேற்றுப்பொருளை விழுங்கி உடலைக் காக்கும் அணுக்கள் உளவென்பது அதனால் விளங்கலாயிற்று. அவ்வாண்டிலேயே, வல்லடோலித் நகரையடுத்த போர்த்தில்லோ என்னும் ஊரில் ஓர்த்தேகா பிறந்தார். 1905-இல் மருத்துவப் பட்டம் பெற்றுச் சிறிது காலம் ஊர் மருத்துவராயிருந்து, பின்னர் மாட்ரிட் நகரை அடைந்து, அச்சூக்காரோ என்பாரிடம் நரம்புத்திசுவை ஆராயும் முறை பயின்றார்.

அக்காலத்து அத்துறைக்குப் பேராசானாக விளங்கியவர், 1906-இல் நோபெல் பரிசு பெற்ற இராமோன் ஈ கஹால். நரம்பணுவும் விண்மீனணுவும் ஒழிந்தவற்றை அவர் 'மூன்றாங்கூறு' எனத் தொகுத்து, அவை கிளைகளில்லாதன என உரைத்தார். அவர் கையாண்ட பொற்சாயத்துக்கு அக்கிளைகள் புலனாகவில்லை. ஓர்த்தேகாவோ 1918-இல் வெள்ளிக் கார்பனேட்டினால் ஒரு புதுச்சாயம் அமைத்தார். அதனுள் தோய்ந்த மூளைச்சீவல்களில், மூன்றாங்கூறென்றது ஒன்றன்று, இரண்டென்பது தெளிவாயிற்று. அவற்றுள் ஒன்றுக்கு 1919-இல் மைக்ரோகிளியா என்றும், மற்றதற்கு 1921-இல் ஒலிகோடென்ட்ரோகிளியா என்றும் பெயரிட்டார். மைக்ரோகிளியா, அமைதிக்காலத்தில் நுண்கிளைகளைப் பரப்பி நிற்கும். காயமுற்றவிடத்தே கிளைகளைச் சுருக்கி, உருண்டு திரண்டு, ஊர்ந்து சென்று சிதைவுகளை விழுங்கும். எம் தங்கையின் மருத்துவர் குறித்த காவலருள் முதன்மையானது இதுவே.

இக்கண்டுபிடிப்புக்குப் பின் ஆசானுக்கும் அவருக்குமிடையே மனக்கசப்பு முற்றியது. 1920-இல் கஹாலின் ஆய்வுக்கூடத்தினின்றும் ஓர்த்தேகா நீக்கப்பெற்றார். தாம் கண்டதை அவர் கைவிட்டிலர். வேறிடத்தே ஆய்வைத் தொடர்ந்தார். 1924-இல் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு அவர்பாற் பயில மாட்ரிட் வந்தார். 1936-இல் உள்நாட்டுப் போர் மூளவே, ஓர்த்தேகா பாரிசு, ஆக்ஸ்ஃபோர்டு எனப் பெயர்ந்து, 1940-இல் புவனோசு ஐரிசு சேர்ந்து, 1945-இல் அவ்வயல்நாட்டிலேயே உயிர்நீத்தார்.

மைக்ரோகிளியா மூளைக்குப் புறம்பே தோன்றி உள்ளே குடிபுகுவதென்பது அவர் கொள்கை. 2010-இல் சுண்டெலிகளில் நிகழ்ந்த ஆய்வு, அவ்வணுக்கள் கருவின் மஞ்சட்கருப்பையினின்று வருவனவென மெய்ப்பித்தது. அவை வளரும் மூளையில் மிகையான நரம்பிணைப்புக்களைக் களைகின்றனவென்பது 2011-இல் வெளியாயிற்று. காக்கும் அவையே அளவிறந்து கிளர்ந்துழி அழிவும் செய்யும். அவ்வளவை அடக்கி ஆளும் வழியை நாடியே இன்று பலர் உழைக்கின்றனர். எம் வீட்டில் யாமும் அவ்வுழைப்பின் பயனை நோக்கியிருக்கின்றோம்.

ஓர்த்தேகாவின் நினைவுக்குறிப்புக்கள் 1986-இல் நூலுருப்பெற்றன. 'ஆசானும் யானும்' என்பது அந்நூற்றலைப்பின் பொருள். தம்மை நீக்கியவரே அதன்கண் முன்னிற்கின்றார். மறுத்தல் முறையோ என்னும் எம் ஐயமும் இவ்விடத்தே தீர்ந்தது. ஆசான் காணாததைக் காணும் பொருட்டுப் புதியதொரு சாயம் சமைக்கும் உழைப்புடையார்க்கு மறுத்தல் தகும். அவ்வுழைப்பு எம்மிடத்து உளதாகுங்காறும் இளம்பூரணரை யாம் பணிந்தே பயில்வோமாக.