நாம்சேயின் அடுப்படி

2025 அக்டோபரில் காஞ்சா ஷெர்பா தம் 92ஆம் வயதில் காலமானபோது, 1953 எவரெஸ்ட் குழுவில் உயிரோடிருந்த கடைசி மனிதரும் போய்விட்டார் என்றுதான் செய்திகள் எழுதின. தவறில்லை. ஆனால் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியைத் தொட்ட அந்த மே 29க்குப் பிறகு அவர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் கணிசமான பகுதி எவரெஸ்டுக்குப் போகும் வழியில் உள்ள நாம்சே பஜாரில் கழிந்தது. அங்கே அவர் குடும்பத்தோடு நடத்திய விடுதியில் வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் கிடைத்தன. அஞ்சலிகளில் இந்தப் பகுதிக்கு ஒரு வரிதான். மலையை விட்டபின் பிழைப்புக்கு ஒரு கடை போட்டார் என்ற தொனி அதில் இருக்கிறது. நாம்சேயின் விடுதி அடுப்படிகளைப் பார்த்தபின் என்னால் அந்தத் தொனியை ஏற்க முடியவில்லை. மலையேறுவதும் மலைவிடுதி நடத்துவதும் அங்கே ஒரே தொழில்தான்.

நாம்சே 3,440 மீட்டர் உயரத்தில், குதிரை லாடம்போல் வளைந்த சரிவில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நெடுநேரம் ஆகும், பிரஷர் குக்கர் இல்லாமல் காரியம் நடக்காது. இன்னும் மேலே கோரக் ஷெப்புக்குப் போனால் கொதிநிலை மேலும் இறங்கிவிடுகிறது. ஆகவே அடுப்படியில் நிற்பவர் விறகையும் நேரத்தையும் உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். விறகு என்பதுகூடப் பழைய பழக்கத்தில் வரும் சொல். 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைந்தபின் காட்டு மரத்தில் கைவைப்பதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இப்போது காய்ந்த யாக் சாணமும் எரிவாயுவும் எரிகின்றன, தாமே என்ற ஊரின் பக்கத்துச் சிறு நீர்மின் நிலையத்தின் மின்சாரமும் உதவுகிறது. 1953இல் எவரெஸ்ட் வழியிலுள்ள பனியருவியின் அகன்ற பிளவு ஒன்றைக் கடக்க, நாம்சேயிலிருந்து மரங்களை வெட்டிச் சுமந்துபோய்ப் பாலம் போட்டதைக் காஞ்சா நினைவுகூர்ந்திருக்கிறார். மரத்தைச் சுமந்துபோய்ப் பிளவில் பாலம் போட்டவருடைய ஊரில் இன்று பெரும்பாலும் மரமில்லாமல் சமைக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே அறிவு: எது எவ்வளவு தேவை, அதை யார் முதுகில் எவ்வளவு தூரம் கொண்டுவருவது என்ற கணக்கு.

விருந்தினருக்கு முன்னால் வரும் தட்டில் இந்தக் கணக்கு முழுவதும் இருக்கிறது. உருளைக்கிழங்கு, நாம்சே இருக்கும் கும்புப் பகுதியின் சொந்த விளைச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்து, இன்று ரிகி குர் என்னும் கிழங்கு அடையாகவும் ஷ்யக்பா என்னும் கெட்டிக் குழம்பாகவும் ஊரின் உணவாகிவிட்டது. அரிசி அந்த உயரத்தில் விளையாது. தால் பாத் என்னும் பருப்புச் சோற்றில் வரும் ஒவ்வொரு பிடிச் சோறும் கீழேயிருந்து வந்தது. ஏறஏற விலை கூடுவதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த விலை முதுகெலும்பின் கூலி. அறைக்கு மிகக் குறைவாக வாங்கிக்கொண்டு, அங்கேயே சாப்பிட வேண்டும் என்று விடுதிக்காரர் எதிர்பார்ப்பதும் இதனால்தான். பிழைப்பைத் தாங்குவது கட்டிலைவிட அடுப்புதான்.

விடுதித் தொழிலை இப்படி மதிப்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மலையில் கூட்டம் அதிகமாகிவிட்டது, ஏறுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், மலை தெய்வம், அதை அழுக்காக்கக் கூடாது என்று காஞ்சா 2024இல்கூடச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டு வாழ்ந்த குடும்பத்தின் தலைவர் இதைச் சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். நாம்சே முன்பு திபெத்தோடு நடந்த வணிகத்தில் வாழ்ந்தது. நங்பா கணவாய் வழியே உப்பும் தானியமும் போய்வந்தன. 1959க்குப் பிறகு அந்த வழி குறுகிப் பழைய பிழைப்பு ஒடுங்கியது. பயணிகள் வராமல் இருந்திருந்தால் இளைஞர்கள் ஊரைவிட்டே போயிருப்பார்கள். மேலும், அடிவாரக் கிராமத்தில் இரண்டு நாள் தங்கிக் குழம்பு சாப்பிட்டுத் திரும்புகிறவரும், ஆக்சிஜன் உருளைகளோடு உச்சிக்கு வரிசையில் நிற்பவரும் மலைக்குத் தரும் பாரம் ஒன்றல்ல. மலையில் தோழர்கள் பலர் இறந்தபின், மனைவி கேட்டுக்கொண்டதால், மேலே போவதை நிறுத்தியவர் காஞ்சா. அந்த வேறுபாடு அவருக்கு ஏட்டறிவாக இருந்திருக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விடுதிக்காரர் நிமிர்ந்து நிற்பது சுமைகாரரின் குனிந்த முதுகின்மேல்தான். நாம்சேக்கு ஏறும் வழியில் சுமைகாரர்களை எடைபோட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காட்டுக்குச் சமமான சுமையை நெற்றிப்பட்டையில் மாட்டி ஏறியதாக அது சொன்னது. சிலர் தம் எடையைவிடவும் அதிகம் சுமந்தார்கள். அவர்களில் பலர் ஷெர்பாக்கள் அல்லர். கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து வரும் ராய், தாமாங் மக்கள். டோகோ கூடையை டோக்மா என்ற கைத்தடியின்மேல் தாங்கி, நின்றபடியே மூச்சு வாங்கும் அவர்களிடம் விடுதியின் வளம் போய்ச் சேர்கிறதா என்று கேட்பது நியாயம். ஒரு காலத்தில் ஷெர்பாக்களே வெளிநாட்டாருக்காக இப்படிச் சுமந்தார்கள். காஞ்சாவும் பத்தொன்பது வயதில் அப்படித்தான் இந்த மலைக்குள் வந்தார். அந்த ஏணியில் அவருக்குக் கிடைத்த படி இவர்களுக்கும் கிடைக்க வேண்டும், அது தானாக நடக்காது. ஆகவே எந்த நாம்சே விடுதியை எடைபோடவும் நான் கண்ணாடி ஜன்னலோரத்து விசிப்பலகைகளைப் பார்ப்பதில்லை. சுமையை இறக்கியவருக்கு என்ன விலையில் சோறு, இரண்டாம் முறை கேட்டால் கிடைக்கிறதா, இரவில் அடுப்பின் கதகதப்புக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் உண்டா என்பதையே பார்க்கிறேன்.