அடிபட்டவர் எங்கே போகிறார்?

பெயிண்ட்பால் என்னும் ஆட்டத்தைப் பற்றி ஒரு பங்குக் குரு எழுதுவதா என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டு ஏறி, மாநில எல்லையைக் கடந்து மூணாறு நோக்கிச் செல்லும் இளைஞர் கூட்டங்களை இன்று இழுக்கும் பொழுதுபோக்குகளில் அதுவும் ஒன்று. எங்கள் பங்கு இளைஞர்களும் போய் வந்தார்கள். போனபோது ஒரே குழு, திரும்பியபோது இரண்டு.

அறியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு துப்பாக்கி. அதில் இடும் உருண்டை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. மருந்துக் குளிகைக்கு இருப்பதுபோன்ற ஜெலட்டின் உறை. உள்ளே நீரில் கழுவினால் போய்விடும் சாயம். மேலே பட்டால் உறை உடைந்து சாயம் ஒட்டும். சாயம் பட்டவர் ஆட்டம் இழந்தார். உருண்டை விநாடிக்கு 300 அடி வரை பாயக்கூடும் என்பதால், திடலுக்குள் இருக்கும்வரை முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் எவருக்கும் தளர்வு இல்லை.

இக்கருவி விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்க வனத்துறையினரும் மரம் வெட்டுவோரும் தொலைவில் நிற்கும் மரங்களுக்குக் குறியிடவும், பண்ணைக்காரர்கள் மாடுகளுக்கு அடையாளம் வைக்கவும் கையாண்ட கருவி அது. 'நெல்ஸ்பாட் 007' என்பது அதன் பெயர். நகரத்தில் பங்குச்சந்தைத் தொழில் செய்யும் ஒருவரும் நாட்டுப்புறத்தில் வாழும் எழுத்தாளர் ஒருவரும் ஒருநாள் வாதிட்டுக்கொண்டார்களாம்: காட்டுக்குள் விட்டால் பிழைத்து வருபவன் நகரத்தானா, காட்டை அறிந்தவனா? அந்த வாதத்தைத் தீர்க்கவே 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிக்கர் என்னும் ஊரில் 12 பேர் முதல்முறையாக இந்த ஆட்டத்தை ஆடினார்கள். காட்டின் நான்கு இடங்களில் வைத்திருந்த கொடிகளைச் சேகரித்துக்கொண்டு யார் முதலில் வெளியே வருகிறாரோ அவரே வென்றவர். வென்றவர் ரிச்சி ஒயிட் என்னும் வனத்தொழிலாளர். அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை. மரத்தோடு மரமாய் நடந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுடாமலே வெல்லக்கூடிய ஆட்டமாகத் தொடங்கியது, காசு பார்க்கும் திடல்களுக்கு வந்து சேர்ந்தபோது பெரும்பாலும் சுட்டுத் தீர்க்கும் ஆட்டமாகிவிட்டது. காரணம் எளிது. உருண்டைக்கு விலை உண்டு. எவ்வளவு சுடுகிறார்களோ அவ்வளவு வருமானம்.

எங்கள் இளைஞர்களிடையே நடந்ததும் இதுதான். எங்கள் பங்கில் ஏலக்காய் வணிகம் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளும் உண்டு. நுழைவுக் கட்டணத்தோடு ஆளுக்கு 30 உருண்டை; மேலும் வேண்டுவோர் தனியே வாங்கிக்கொள்ளலாம். கையில் காசுள்ளவர்கள் நூறு நூறாக வாங்கினார்கள். திடல்காரர் வைத்த முறை, அடிபட்டவர் வெளியேறிவிட வேண்டும் என்பது. ஐந்து நிமிடத்துக்குள் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் வலைக்கு வெளியே மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த சுற்றிலும் அப்படியே. பின்பு மூன்று வாரம் அவர்களில் ஒருவரும் இளைஞர் கூட்டத்துக்கு வரவில்லை. ஜீப் ஓட்டுநர் ஒருவரின் மகனைத் தேடிப்போய்க் கேட்டேன்.

"பாதர், நாங்க காசு குடுத்து வேடிக்கை பார்த்துட்டு வந்தோம். அது எதுக்கு?" என்றான்.

அவன் கேட்டதில் கோபத்தைவிடக் கணக்கு மிகுதியாக இருந்தது. அன்றிரவு அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். நமது சடுகுடு நினைவுக்கு வந்தது. கபடியில் பழைய முறைகள் மூன்று என்பதை விளையாட்டு ஆசிரியர்கள் அறிவார்கள். 'காமினி' முறையில், தொடப்பட்டு வெளியேறியவர் தம் அணி முழுவதும் வெளியேறும்வரை வெளியிலேயே இருக்க வேண்டும். 'அமர்' முறையில் ஒருவரும் வெளியேறுவதில்லை. தொடப்பட்டால் எதிரணிக்குப் புள்ளி, அவ்வளவுதான். 'சஞ்சீவனி' முறையில், எதிரணியில் ஒருவர் வீழும்போது இங்கே வெளியேறிய ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றதும், இன்று தொலைக்காட்சியில் நாம் காண்பதும் இந்தச் சஞ்சீவனி வழியில் வந்த கபடிதான். களமும் மூச்சும் தொடுகையும் மூன்றிலும் ஒன்றே. அடிபட்டவர் எங்கே போகிறார் என்ற ஒரு விதிதான் வேறு. அந்த ஒரு விதி மாறும்போது, யார் கடைசிவரை களத்தில் நிற்கிறார் என்பதும் மாறிவிடுகிறது.

பெயிண்ட்பாலிலும் இத்தகைய மாற்று முறைகள் பல உண்டு என்பதைப் படித்து அறிந்தேன். அடுத்த முறை நானும் உடன் போனேன். 18 நிறைந்தவர்கள் மட்டும் 22 பேர். திடல்காரரிடம் முன்கூட்டியே பேசி இரண்டு நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன்: ஆட்ட முறையை நாங்களே வகுப்போம், உருண்டைகளை மொத்தமாக வாங்கிச் சரிசமமாகப் பங்கிடுவோம். ஒரு சுற்றுக்கு ஆளுக்குப் பத்தே பத்து. பத்து என்பது என் கற்பனையன்று. பழைய முறைத் துப்பாக்கியை விரும்பி ஆடுவோர் இன்றும் பத்து உருண்டைக் குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள். பத்துதான் என்றால் கை தானாகவே நிதானப்படும். ஒளிந்து, காத்து, அருகில் வந்து சுட வேண்டியிருக்கும்.

முதற்சுற்று 'மருத்துவர்' முறை. ஒவ்வோர் அணியிலும் ஒருவருக்குத் துப்பாக்கி கிடையாது. அடிபட்டவர் விழுந்த இடத்திலேயே முழந்தாளிட்டுக் கையைத் தூக்கிக் குரல் கொடுக்க வேண்டும். மருத்துவர் ஓடிவந்து தொட்டால் மீண்டும் எழுந்து ஆடலாம். மருத்துவரே அடிபட்டுவிட்டால் அந்த அணிக்கு அதன்பின் உயிர்ப்பிப்பவர் இல்லை. ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் ஒரு பெண் ஓரணிக்கு மருத்துவரானாள். மெல்லிய உருவம், கூட்டங்களில் வாய் திறந்து நான் கண்டதில்லை. அன்று அவள் பீப்பாய்களுக்கும் மணல் மூட்டைகளுக்கும் இடையில் குனிந்தபடியே ஓடிய வேகத்தைப் பார்த்துத் திடல்காரரே அசந்துபோனார். ஏலச்செடியில் காய் வேரடியில், தரையோடு கிடக்கும். அதைக் குனிந்தே எடுத்துப் பழகிய வீட்டுப் பெண் அவள்! சென்ற முறை நூறு உருண்டை வாங்கிய வணிகர் வீட்டுப் பையன் சேற்றில் முழந்தாளிட்டு, "அக்கா, இங்க வாங்கக்கா!" என்று கத்தினான். அவள் வந்தாள். மூன்றுமுறை வந்தாள்.

அடுத்தது 'காப்பாற்றிச் சேர்த்தல்'. ஆயுதமில்லாத ஒருவரை அவருடைய அணி திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அடிபடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாதுகாக்கப்பட வேண்டியவராக என்னையே நிறுத்தினார்கள். பாதித் தூரம்கூடப் போகவில்லை. முதுகில் ஆரஞ்சுச் சாயம். வலிக்கத்தான் செய்தது, மறைப்பானேன்.

கடைசிச் சுற்று ஹெனிக்கரில் ஆடிய கொடி ஆட்டம். அதற்குள் மலையில் மேகம் இறங்கிவிட்டது. ஏலத்துக்கு உயிரான அந்த ஈரம் ஜெலட்டின் உருண்டைக்குப் பகை. உறை ஈரத்தை உறிஞ்சி உப்பிவிட, உருண்டைகள் குழலுக்குள்ளேயே உடைந்து வழிந்தன. சுட முடியாத நிலையில், நடக்கத் தெரிந்தவர்கள் வென்றார்கள். ஜீப் ஓட்டுநர் மகன் வலையோரமாகவே போய் எதிரணிக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ரிச்சி ஒயிட்டின் கதையை அவனுக்கு அதன்பிறகுதான் சொன்னேன்.

ஊர் திரும்பியதும், போன பிள்ளைகளில் ஒருவனின் தாய் என்னைத் தடுத்துக் கேட்டார்: "விளையாட்டுனாலும் கையில துப்பாக்கியக் குடுக்கலாமா சாமி?" அவர் கேட்டதை நான் சிறிதாக எண்ணவில்லை. இத்தொழிலில் இருப்போர் அதைத் துப்பாக்கி என்னாமல் 'மார்க்கர்', அதாவது குறியிடும் கருவி, என்று சொல்ல விரும்புகிறார்கள். பெயரை மாற்றுவதால் அந்தத் தாயின் கேள்வி தீர்ந்துவிடாது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றித் தனியே ஆராய்கிறார். அளவு மீறி விளையாடுவது மட்டுமன்று, விளையாட்டுணர்வே அற்றிருப்பதும் குறை என்பது அவர் முடிவு. ஆனால் விளையாட்டு காலத்துக்கும் இடத்துக்கும் ஆளுக்கும் பொருந்த வேண்டும் என்றும் அவர் வரையறுக்கிறார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இளம் உயிர்கள் இருபதுக்கும் மேல் மடிந்ததைக் கண்ணெதிரே கண்ட பகுதி இது. பிள்ளைகள் கூட்டமாய் மலைக்குப் போகிறார்கள் என்றாலே இங்குள்ள தாய்மாரின் நெஞ்சு படபடக்கிறது. கண்காணிப்புள்ள அடைத்த திடல், வயது வந்தவர்கள், கழற்றாத முகக்கவசம் என்றால் நான் சம்மதிப்பேன். சிறுவர்களுக்கென்று சற்றுச் சிறிய உருண்டைகளும் மென்மையான கருவிகளும் வந்துள்ளன என்கிறார்கள். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் அவற்றையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவர்களுக்காகக் கோயில் மைதானத்தில் வேறொன்று தொடங்கியிருக்கிறோம். பாத்திரம் துலக்கும் பஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி நூலால் கட்டினால் பந்து. வாளியில் மஞ்சள் கரைத்த நீர். கழுத்துக்குக் கீழேதான் எறிய வேண்டும். ஆளுக்கு மூன்று பந்து. எறிந்ததை ஓடிப்போய் எடுத்து மீண்டும் நனைத்துக்கொள்ளலாம். அடிபட்டவர் கல்லாய் நிற்க, கூட்டாளி தொட்டால் உயிர். செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. மலைக்குப் போய்வந்த அந்தப் பெண்தான் இப்போது ஞாயிறு மாலைகளில் இதை நடத்துகிறாள். மருத்துவர் யார் என்பதில்தான் பிள்ளைகளுக்குள் தகராறு. எல்லாருக்கும் அந்த வேலைதான் வேண்டுமாம்! ஆகவே சீட்டுக் குலுக்குகிறார்கள்.

கெபியின் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். குறி தவறிய பந்துகளின் மஞ்சள் நீர் அதில் பட்டு, ஆரத்தி நீர்போல் சிவந்து நிற்கிறது. கோயில்பிள்ளைக்கு என்மேல் வருத்தம். பருவமழை நின்றபின் மறுபடி அடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.