மானும் மல்லாட்டையும்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பெரியவர் என்னை மனு எழுதித் தரச் சொன்னார். "ஐயா, மலையிலேருந்து புள்ளிமான் எறங்கி மல்லாட்டைக் கொல்லையை மேஞ்சிடுது. சுட உத்தரவு கேட்டு எழுதுங்க."

எனக்குத் திக்கென்றது. ரமணாசிரமத்தில் வள்ளி என்ற மானுக்குச் சமாதி இருக்கிற ஊராயிற்றே!

ஆனால் சட்டத்தில் இடமிருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்தாலும், பயிரை அழிக்கும் மானைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் எழுதி அனுமதி தரலாம். அந்தமானில் வெள்ளைக்காரர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், அடிக்கப் புலியில்லாமல் பெருகி, காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. இங்கும் புலியில்லை, தெருநாய்தான். நாய் குதறிச் சாவதைவிடக் குண்டு மேல் என்று நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

மனுவில் 'சுட' என்பதற்குப் பதில் 'விரட்ட' என்று எழுதிவிட்டேன். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டை எடுத்து என் கையில் வைத்தார்.