மாண்டவி ஆற்றில் சீட்டாட்டக் கப்பல்: மடியில் எவ்வளவு கட்டிக்கொண்டு போகலாம்?

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். சுற்றிலும் மானாவாரி நிலம். உளுந்து, மக்காச்சோளம், பருத்தி என்று மழையை நம்பிய வெள்ளாமை. இந்தப் பக்கத்து விவசாயி முதல் மழைக்கே வீட்டில் உள்ள விதை முழுவதையும் விதைத்துவிட மாட்டார். மழை ஏமாற்றினால் மறுவிதைப்புக்கு வேண்டுமே! இதே கணக்கு கோவா சுற்றுலாவுக்கும் பொருந்தும். அதிலும் நண்பர்கள் கூட்டமாகக் கிளம்பி, 'ஒருநாள் கேசினோவையும் பார்த்துவிடலாம்' என்று முடிவு செய்தால் கட்டாயம் பொருந்தும்.

திருநெல்வேலியில் இருந்து காந்திதாம், ஜாம்நகர் போகும் ரயில்கள் கொங்கண் பாதையில் மட்காவ் வழியாகச் செல்கின்றன. மட்காவில் இறங்கி பஸ் பிடித்தால் தலைநகர் பனாஜி. மாண்டவி ஆற்றங்கரையில் பழைய தலைமைச் செயலகக் கட்டடம். அதன் பக்கத்திலேயே ஒரு சிலை. ஒரு பெண்ணின் முன்னால் கைகளை நீட்டி நிற்கும் அபே ஃபரியா. கோவாவில் 1756-ல் பிறந்து, ஐரோப்பாவில் ஹிப்னாடிசத்தின் முன்னோடியாகப் பெயர் வாங்கியவர். அவருக்கு எதிரே ஆற்றில், இருட்டியதும் வண்ண விளக்குகளோடு மயக்குகின்றன கேசினோ கப்பல்கள். கரையில் இருந்து சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போய் கப்பலில் விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. செல்போனில் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்யும் சட்டமும் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கோவாவில் கேசினோவுக்கு உரிமம் உண்டு. ஆனால், 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதி. இன்னொரு செய்தியும் கவனிக்க வேண்டியது. 2020 பிப்ரவரி முதல் கோவா மக்களே கேசினோவில் ஆட முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும்தான்! சிங்கப்பூரிலும் அந்நாட்டுக் குடிமக்கள் உள்ளே போக ஒருநாளைக்கு 150 வெள்ளி கட்டவேண்டும். சொந்த மக்களை வாசலிலேயே யோசிக்க வைக்கிறார்கள். நாம் நம் வீட்டு வாசலில் யோசிப்போம்.

கப்பலில் பல ஆட்டங்கள். அவற்றில் போக்கர் கொஞ்சம் வேறு மாதிரி. இதில் கேசினோவை எதிர்த்து ஆடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரை எதிர்த்து ஆடுகிறோம். நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை கேசினோ 'ரேக்' என்று எடுத்துக்கொள்ளும். யார் ஜெயித்தாலும் அதற்கு வரும்படிதான்.

மேஜையில் உட்காரும்போது முதலில் வாங்கும் சிப்களின் மதிப்புக்கு 'பை-இன்' என்று பெயர். ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அதுதான் 'பிளைண்ட்'. சின்னது 50 ரூபாய், பெரியது 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக பெரிய பிளைண்டைப் போல 40 மடங்கில் இருந்து 100 மடங்கு வரை வாங்கலாம் என்று மேஜைக்கு மேஜை வரம்பு இருக்கும். அதாவது, இங்கே 4,000 முதல் 10,000 ரூபாய்.

எவ்வளவு வாங்குவது? ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் விடை சுலபம். ஓர் ஆட்டம் தொடங்கிய பிறகு பையில் இருந்து பணம் எடுத்துச் சேர்க்க முடியாது. மேஜையில் இருப்பதைத்தான் பந்தயம் வைக்கலாம். உங்களிடம் 4,000 ரூபாய், எதிரே இருப்பவரிடம் ஒரு லட்சம் என்றாலும், அந்த ஓர் ஆட்டத்தில் உங்களுக்குப் போகக்கூடியது அதிகபட்சம் 4,000 தான். பை-இன் என்பது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் வரப்பு.

நிறைய சிப் வைத்திருப்பது கைதேர்ந்தவருக்கு லாபம். நல்ல சீட்டு வரும்போது முழுசாக அள்ளலாம். புதியவருக்கு அதுவே ஆபத்து; ஒரே தப்புக் கணக்கில் முழுவதும் போய்விடும். குறைந்த தொகையில் உட்கார்ந்தால் குழப்பமும் குறைவு, இழப்பும் குறைவு. அந்தக் குறைந்த தொகையே கையைக் கடிக்கிறதா? அந்த மேஜை நமக்கானது இல்லை.

ஜெயித்த சிப்களில் கொஞ்சத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அதே மேஜையில் தொடரவும் விடமாட்டார்கள். 'போதும்' என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டியதுதான்.

அடுத்து வரி. கேசினோவில் சிப் வாங்கும் தொகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஜி.எஸ்.டி. 10,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 4,000 ரூபாய் வரி. பணத்தைக் கொடுக்கும் முன்பே, 'வரி போக எத்தனை ரூபாய்க்கு சிப் கிடைக்கும்?' என்று கவுன்டரில் கேட்டுவிடுங்கள். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி தனி.

ஆட்டமே தொழிலாக இருப்பவர்கள்கூட குறைந்தது 20 பை-இன்னுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டுதான் ஆடுவார்கள். ஒரே ராத்திரியில் எதுவும் நடக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் பார்வையாளரான நாம் இதை முதலீடாக நினைக்கவே கூடாது. ரயில் டிக்கெட், ஓட்டல் அறை போல இதுவும் செலவுதான். ஒரு பை-இன், வேண்டுமானால் இன்னொன்று. அதை ஊரிலேயே வீட்டாரிடம் சொல்லி, தனிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். கார்டை ஓட்டல் அறையில் பூட்டிவிட்டு, போனில் பணம் அனுப்பும் வரம்பையும் குறைத்துவிட்டுப் படகில் ஏறுங்கள். விதைக்கும் உரத்துக்கும் வைத்த பணம், பிள்ளைகளின் ஃபீஸ், வட்டிக்கு வாங்கியது ஆகிய மூன்றும் அந்தக் கவருக்குள் வரவே கூடாது.

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் யாரையாவது ஆட்டிப்படைத்தால், அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

கவர் காலியானால் அடுத்த படகில் கரைக்கு வந்துவிடுங்கள். காலையில் பார்ப்பதற்குப் பழைய கோவாவின் தேவாலயங்கள் இருக்கின்றன.