மிக்ஸிக்குள் ஒரு கறுப்புத் தூள்

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. (தனி மாவட்டம் ஆனது 2019-ல்.) அந்த மூன்றில் மிக்ஸிக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அதில்தான் கார்பன் பிரஷ் இருக்கிறது. மற்ற இரண்டும் இண்டக்‌ஷன் மோட்டார், பிரஷ்ஷே வேண்டாம்.

மிக்ஸியில் சுற்றும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுப்பது, கம்யூட்டேட்டரை உரசிக்கொண்டே இருக்கும் இரண்டு கார்பன் கட்டிகள். பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்தான். அதில் ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களோடுதான் கை கோர்க்கிறது. மிச்சமுள்ள நான்காவது எலக்ட்ரான் அலைந்து திரிந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. வைரமும் கார்பன்தான், ஆனால் அங்கே நான்கும் பிணைந்துவிட்டதால் கடத்தாது! கிராஃபைட் வழுக்கும், மெதுவானது. அதனால் விலை உயர்ந்த தாமிரம் தப்பிக்கிறது, கட்டி தேய்கிறது.

தேய்ந்த தூள் எங்கே போகும்? அங்கேயேதான் படியும். பிரஷ் ஹோல்டருக்கும் மோட்டாரின் இரும்புக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பாலம் கட்டும். கல்வராயன் மலையில் மழை மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். போதாக்குறைக்கு ஜாரிலிருந்து சட்னித் தண்ணீர் வேறு உள்ளே வழியும். தூளும் ஈரமும் சேர்ந்தால் 230 வோல்ட் கசிய வழி கிடைத்துவிடும். மேலே பிளாஸ்டிக்தான், ஆனால் அடியில் திருகுகள் இருக்கின்றனவே! எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு மண்ணுக்குப் போகும், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் லைன் துண்டிக்கப்படும். எர்த் இல்லாத வீட்டில் அது ஈரக்கை வழியாகத்தான் இறங்கும்.

நிலக்கரித் தூள் வெடிக்கவே செய்யும். 1965-ல் தோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்தார்கள். மிக்ஸித் தூள் அப்படி வெடிக்காது. அதனாலோ என்னவோ யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. பல ரிப்பேர் கடைகளில் புது பிரஷ் போட்டு, பழைய தூளை வாயால் ஊதிவிட்டு மூடிவிடுகிறார்கள். பாதித் தூள் காயில் இடுக்கில் இன்னும் ஆழமாகப் போகும், மீதி ஊதியவர் மூக்கில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூக்கில் துணி கட்டி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் வாசலில் வைத்துத் தட்டி எடுக்க ஐந்து நிமிடம் போதும். பிரஷ் மாற்றக் கொடுக்கும்போது அதையும் கேட்டு வாங்கலாம்.