ஆட்சியின் பெயரும் சூழலின் நிலையும்

அவுஸ்திரேலிய நாவலாசிரியர் மக்ஸ் பாரி 2002ஆம் ஆண்டில் உருவாக்கிய 'நேஷன்ஸ்ரேற்ஸ்' என்னும் இணைய விளையாட்டிலே, ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை ஆள்கின்றனர். குடியியல் உரிமை, பொருளாதாரச் சுதந்திரம், அரசியற் சுதந்திரம் ஆகிய மூன்றின் அளவைக் கொண்டு அந்நாடு 27 ஆட்சிவகைகளுள் ஒன்றாகப் பெயர் பெறுகின்றது.

இவற்றுள் எவ்வகை ஆட்சி சூழலைக் காக்கும் என்ற வினா இயல்பாகவே எழும். விளையாட்டின் அமைப்பை நோக்குமிடத்து, அவ்வினாவே தலைகீழானது என்பது புலனாகும். காடு, தொழிற்சாலை, வரி என்பன பற்றி ஆள்பவர் எடுக்கும் முடிவுகளே சூழலுக்குரிய புள்ளியையும் ஆட்சியின் பெயரையும் ஒருங்கே நிர்ணயிக்கின்றன. முடிவு முந்தியது, பெயர் பிந்தியது.

வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. பருத்திச் செய்கைக்காக ஆறுகளைத் திருப்பிய சோவியத்து ஆட்சியில், 1960களிலிருந்து ஆரல் கடல் வற்றலாயிற்று. பாராளுமன்ற ஆட்சிக்குப் பேர்போன இலண்டனிலும் 1952 டிசெம்பரில் நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஆயினும் அங்கு பாராளுமன்றத்திலே கேள்வி எழுந்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

விளையாட்டில் தவறிழைத்தவர் புதிய நாடொன்றைத் தொடங்கலாம். ஆரற் கரையின் மீனவருக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகவே, ஓர் ஆட்சி எப்பெயர் பூண்டது என்பதைக் காட்டிலும், அதனால் துன்புறுவோரின் குரல் அதன் செவிக்கு எட்டுமா என்பதே ஆராயத்தக்கது.